பங்கும் பள்ளியும் – 9: வரைபடத்தில் ஒரு கோடு

பிலடெல்பியாவின் வடபகுதியில் ஓல்னி என்றொரு பேட்டை. ஐந்தாம் வீதியும் காட்ஃப்ரி அவென்யூவும் கூடும் முனையில் புனித ஹெலேனா ஆலயம் நிற்கிறது. ஆலயத்தை ஒட்டியே பங்குப் பள்ளி. அங்கே எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை கிழக்கே சில தெருக்கள் நடந்தால் கர்தினால் டாகர்ட்டி உயர்நிலைப்பள்ளியின் கட்டடத்துக்கு வந்துவிடும். 1960-களின் நடுவில் இந்த ஒரு பள்ளியில் மட்டும் ஏறக்குறைய 6,000 பேர் படித்தார்கள். உலகத்திலேயே பெரிய கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி என்று ஊரார் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த ஆறாயிரம் பேரில் பெரும்பாலோர் தேடி விசாரித்து இந்தப் பள்ளியில் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்கள் குடியிருந்த வீடு ஒரு பங்கின் எல்லைக்குள் இருந்தது. அந்தப் பங்கு இந்த உயர்நிலைப்பள்ளியின் எல்லைக்குள் இருந்தது. பிள்ளை தொட்டிலில் கிடந்தபோதே, பதினான்காம் வயதில் எந்த வாசல் வழியாக உள்ளே போகும் என்பது முடிவாகிவிட்டது. அந்த முடிவைச் செய்த கோடு எப்படி விழுந்தது, யார் போட்டது, எப்படி அழிந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

முதலில் 'பங்கு' என்ற சொல்லைப் பற்றி. நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓர் ஆலயமும் அதன் பொறுப்பில் உள்ள மக்களும், அவர்கள் வாழும் நிலப்பரப்பும் சேர்ந்ததுதான் பங்கு. அதற்குப் பொறுப்பானவர் பங்குத்தந்தை. பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். சொத்தில் பங்கு, செலவில் பங்கு என்று நாம் அன்றாடம் புழங்கும் சொல்லும் இதேதான். பிலடெல்பியாவின் கதைக்கு இந்த இரண்டாவது பொருளும் வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1844-ல் நடந்த கலவரத்தையும், புனித மிக்கேல், புனித அகுஸ்தீன் ஆலயங்கள் தீக்கிரையானதையும் முன்பே விரிவாகப் பார்த்தோம். அரசுப் பள்ளியில் எந்த பைபிளை வாசிப்பது என்ற தகராறு அது. அந்தச் சாம்பலிலிருந்துதான் தனிப்பள்ளி எண்ணம் வேர்பிடித்தது. 1852-ல் ஆயராக வந்த ஜான் நியூமன், பங்குப் பள்ளிகளை ஒரே மறைமாவட்ட அமைப்பின் கீழ் கொண்டுவந்தார். எட்டே ஆண்டுகளில் அவர் இறந்தபோது ஏறக்குறைய நூறு பள்ளிகள் இருந்தன. பிறகு 1884-ல் பால்டிமோரில் கூடிய ஆயர்களின் மூன்றாம் பொதுச்சங்கம், ஒவ்வோர் ஆலயத்தின் அருகிலும் இரண்டு ஆண்டுக்குள் ஒரு பள்ளி எழ வேண்டும் என்று ஆணையிட்டது. அலட்சியம் காட்டும் பங்குத்தந்தையைப் பொறுப்பிலிருந்து நீக்கலாம் என்ற அளவுக்குக் கடுமையான ஆணை.

ஆனால் அந்த ஆணை தொடக்கப் பள்ளியோடு நின்றுவிட்டது. எட்டாம் வகுப்பு முடிந்த பிறகு? கூலி வேலைக்கு வந்த அயர்லாந்துக் குடும்பத்தின் பையன் ஆலைக்கோ கப்பல் துறைக்கோ போனான். படிக்க வசதியும் ஆசையும் இருந்தால் அரசு உயர்நிலைப்பள்ளி. பணம் இருந்தால் இயேசு சபையாரோ கிறிஸ்தவ சகோதரர்களோ நடத்திய கட்டணப் பள்ளி. ஒரு பங்கு தனியாக உயர்நிலைப்பள்ளி நடத்த முடியாது. எட்டாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் மேலே படிக்கப் போகிறவர்கள் நாலைந்து பேர். நாலைந்து பேருக்காக வேதியியல் ஆய்வகமும் லத்தீன் ஆசிரியரும் எந்தப் பங்கும் வைத்துக்கொள்ள முடியாது.

இதற்கு விடை சொன்னவர் ஆயரும் இல்லை, துறவியும் இல்லை. தாமஸ் கேஹில் என்ற வியாபாரி. பனிக்கட்டியும் நிலக்கரியும் விற்றுப் பணம் சேர்த்தவர். 1878-ல் இறக்கும்போது, மேலே படிக்க வழியில்லாத கத்தோலிக்கப் பையன்களுக்கு இலவசமாக ஓர் உயர்நிலைப்பள்ளி கட்ட வேண்டும் என்று உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார். பிராட் வீதியும் வைன் வீதியும் சந்திக்கும் இடத்தில், நகரின் நடுவில், 1890-ல் ரோமன் கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி திறந்தது. அமெரிக்காவில் ஒரு மறைமாவட்டம் முழுவதற்குமான முதல் இலவசக் கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி அதுதான். அங்கே படித்தவர்கள் இன்றும் சுருக்கமாக 'ரோமன்' என்பார்கள்.

இந்தப் பள்ளிக்கு எல்லைக்கோடு கிடையாது. நகரின் எந்தப் பங்குப் பள்ளியிலிருந்தும் பையன் வரலாம். நுழைவுத் தேர்வில் தேற வேண்டும், அவ்வளவுதான். இதன் விளைவு பங்குப் பள்ளிகளில் தெரிந்தது. அதுவரை ஒவ்வொரு பள்ளியும் தன் போக்கில், தன்னை நடத்திய கன்னியர் சபையின் வழக்கப்படி பாடம் நடத்திக்கொண்டிருந்தது. இப்போது எல்லாப் பையன்களும் ஒரே தேர்வை எழுத வேண்டும். யாருடைய பள்ளியிலிருந்து எத்தனை பேர் தேறினார்கள் என்பது வெளியே தெரிந்துபோகும். மேலே ஒரு பள்ளி எழுந்ததால் கீழே இருந்த பள்ளிகள் ஒன்றோடொன்று இணைந்தன. கட்டுப்பாட்டை யாரும் ஆணையாகப் பிறப்பிக்கவில்லை. அந்தத் தேர்வுத்தாள் கொண்டுவந்தது. என்னைக் கேட்டால் 1884-ன் ஆணையைவிட 1890-ன் இந்தத் தேர்வு அதிக வேலை செய்தது.

ஷானஹன், அவருக்குப் பின் மெக்டெவிட் என்று இரண்டு குருக்கள் மறைமாவட்டப் பள்ளிகளின் கண்காணிப்பாளர்களாக இருந்து இந்த இணைப்பை உறுதிப்படுத்தினார்கள். மெக்டெவிட் 1899 முதல் 1916 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பெண்பிள்ளைகளுக்கு அப்போது ரோமனைப் போன்ற பள்ளி இல்லை. சில பங்குகளில் எட்டாம் வகுப்புக்கு மேல் ஓரிரு ஆண்டு சேர்த்துக் கணக்கும் தட்டச்சும் கற்பித்துப் பார்த்தார்கள். 1912-ல் பெண்களுக்கென்று மறைமாவட்ட உயர்நிலைப்பள்ளி திறந்தபோது, அமெரிக்காவில் அந்த வகையில் அது முதலாவது. மேரி ஹாலஹன் மெக்மிச்சன் என்ற பெண்மணி தன் சகோதரர் நினைவாகக் கொடுத்த கொடை அதைத் தாங்கியது. பின்னாளில் ஹாலஹன் என்ற பெயரே பள்ளிக்கு நிலைத்தது.

1916-ல் ஸ்கூல்கில் ஆற்றுக்கு மேற்கே இன்னொரு பள்ளி எழுந்தது: மேற்கு பிலடெல்பியா கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி. இங்கேதான் நம் கதையில் கோடு வருகிறது. பள்ளி ஒன்றாக இருந்தவரை எல்லை தேவைப்படவில்லை. இரண்டாவது பள்ளி வந்ததும், யார் எங்கே போவது என்ற கேள்வி எழுந்துவிட்டது. ஆறு ஓர் இயற்கையான கோடாக இருந்தது. அடுத்தடுத்துப் பள்ளிகள் எழ எழ, கோடுகள் தெருக்களின் மேல் ஓடத் தொடங்கின.

1918 முதல் 1951 வரை பேராயராக இருந்தவர் டென்னிஸ் டாகர்ட்டி. பின்னர் கர்தினால். அவர் கட்டிய ஆலயங்களையும் பள்ளிகளையும் பார்த்து 'கடவுளின் கொத்தனார்' என்று ஊர் அழைத்தது. வடகிழக்கு கத்தோலிக்கப் பள்ளி 1926-ல் வந்தது. 1953-ல் அங்கே மட்டும் 4,700-க்கு மேல் பையன்கள். 1939-ல் லிட்டில் ஃபிளவர், 1941-ல் புனித ஹூபர்ட், இரண்டும் பெண்பிள்ளைகளுக்கு. அவருக்குப் பின் வந்தவர்களும் நிறுத்தவில்லை: 1954-ல் ஃபாதர் ஜட்ஜ், 1956-ல் அவர் பெயரிலேயே கர்தினால் டாகர்ட்டி, 1966-ல் ஆர்ச்பிஷப் ரயன்.

ஒவ்வொரு புதிய பள்ளியும் பழைய பள்ளியின் எல்லையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. ஃபாதர் ஜட்ஜ் திறந்ததும், அதுவரை வடகிழக்குப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிவந்த சில பங்குகள் இந்தப் பக்கம் மாறின. ரயன் திறந்ததும் ஜட்ஜின் எல்லை சுருங்கியது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பள்ளியின் கழுத்துப்பட்டையோடும் தம்பி அதன் எதிரிப் பள்ளியின் கழுத்துப்பட்டையோடும் புறப்பட்டுப் போன குடும்பங்கள் இதனால்தான் உண்டாயின. அங்கே வாரக் கடைசிக் கால்பந்தாட்டத்தில் பள்ளிகள் மோதிக்கொள்ளும்போது அம்மா எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள் என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு.

இப்போது பணம். இந்தக் கோட்டின் உயிரே அதில்தான் இருந்தது.

மறைமாவட்ட உயர்நிலைப்பள்ளிகளில் பல பத்தாண்டுகள் பிள்ளைகளிடம் கல்விக் கட்டணம் வாங்கவில்லை. அந்தந்தப் பங்கு, தன்னிடமிருந்து போன ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று மறைமாவட்டத்துக்குச் செலுத்தியது. ஞாயிறு காணிக்கைத் தட்டில் விழுந்த சில்லறைதான் அந்தப் பணம். பிள்ளை இல்லாத கிழவரும் போட்டார், எட்டுப் பிள்ளை பெற்றவரும் போட்டார். கத்தோலிக்க உயர்நிலைக் கல்வி என்பது பெற்றோர் வாங்கும் சரக்காக இருக்கவில்லை. ஊர்ச் செலவாக இருந்தது. நம் கிராமங்களில் கோயில் வரி போடுவார்களே, அதைப் போன்ற ஏற்பாடு.

பங்கு பணம் கட்டியதால் பங்குக்கு உரிமை இருந்தது. தன் எல்லையில் குடியிருக்கும், தன் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மேலே இடம் உண்டு என்று பங்குத்தந்தை நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. கோடு பிள்ளையைக் கட்டிப்போட்டது உண்மை. ஆனால் அதே கோடு உயர்நிலைப்பள்ளியையும் கட்டிப்போட்டது. கணக்கில் மந்தமான பையனை 'உனக்கு இடமில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டு நல்ல மதிப்பெண்காரர்களை மட்டும் வைத்துக்கொள்ள எல்லைப் பள்ளியால் முடியாது. சபையார் நடத்திய லாசால், செயின்ட் ஜோசப்ஸ் பிரெப் போன்ற பள்ளிகள் தேர்வு வைத்துக் கட்டணம் வாங்கிப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தன. அவற்றுக்கு எல்லையும் இல்லை, அந்தக் கடமையும் இல்லை. எல்லை என்றாலே தடை என்று எழுதுகிறவர்கள் இந்த மறுபக்கத்தைப் பார்ப்பதில்லை.

பங்குப் பள்ளிக்கும் இதனால் ஒரு பலம் இருந்தது. எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திய கன்னியருக்குத் தன் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று தெரியும். மேலே இருந்த ஆசிரியருக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரியும். பல சமயம் இருவரும் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள். மாசற்ற இருதய சபையும் புனித சூசையப்பர் சபையும் கீழேயும் மேலேயும் கற்பித்தன. 1950-களில் ஒரு வகுப்பில் அறுபது எழுபது பிள்ளைகள் இருப்பது சாதாரணம். அந்த நெரிசலைத் தாங்கியது அவர்களுடைய உழைப்பு. ஊதியம் என்று அவர்கள் வாங்கியதைச் சம்பளம் என்று சொல்ல மனம் வராது.

கோடு செய்த கேட்டையும் சொல்லியாக வேண்டும். வடக்கத்திய அமெரிக்க நகரங்களில் பங்கின் எல்லையே மனத்தின் எல்லையாகவும் ஆனது. வீட்டு விளம்பரங்களில் தெருப் பெயருக்குப் பதில் பங்கின் பெயரைப் போடும் வழக்கம் இருந்தது. ஒரு கறுப்பினக் குடும்பம் எல்லைக்குள் வீடு வாங்கினால் 'நம் பங்கு போய்விட்டது' என்று பேசினார்கள். தான் குடியிருக்கும் எல்லையின் பங்குப் பள்ளியிலேயே இடம் கிடைக்காமல், கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஏற்படுத்தப்பட்ட பங்குக்குப் போகச் சொல்லப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். பிலடெல்பியாவில் புனித பீட்டர் கிளேவர் ஆலயம் அப்படிப்பட்ட பங்கு. ஜான் மெக்ரீவி 1996-ல் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அதன் தலைப்பே பங்கு எல்லைகள்தான். விதியில் எங்கும் நிறம் எழுதப்படவில்லை. ஆனால் எல்லைக்குள் இருந்தும் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு, விதிப் புத்தகம் என்ன சொன்னால் என்ன?

ஜெர்மானியர், போலந்துக்காரர், இத்தாலியர் ஆகியோருக்கான மொழிப் பங்குகள் வேறு இந்த வரைபடத்தைக் குழப்பின. அமெரிக்காவின் முதல் மொழிப் பங்கே பிலடெல்பியாவின் புனித திரித்துவ ஆலயம்தான்; ஜெர்மானியருக்காக 1789-ல் திறந்தது. இவற்றுக்கு நிலத்தில் எல்லை கிடையாது, நாவில்தான் எல்லை. ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு பங்குப் பள்ளிகளுக்குப் போய்விட்டு, பதினான்கு வயதில் உயர்நிலைப்பள்ளியின் ஒரே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். அயர்லாந்துப் பையனும் இத்தாலியப் பையனும் முதல்முறையாக ஒன்றாகச் சாப்பிட்ட இடம் அந்த உயர்நிலைப்பள்ளிகளின் உணவுக்கூடம்தான் என்று சொன்னால் மிகையாகாது.

1960-களின் முதல் பாதியில் அமெரிக்கா முழுவதும் கத்தோலிக்கப் பள்ளிகளில் 52 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள். 1965-ல் அருள்சகோதரிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 1,80,000. இரண்டுமே உச்சம். அதன் பிறகு இறக்கம்தான். சகோதரிகள் குறைந்தார்கள், அவர்கள் இடத்துக்கு வந்த பொதுநிலை ஆசிரியர்களுக்குக் குடும்பம் இருந்தது, வாடகை இருந்தது, முறையான சம்பளம் தர வேண்டியிருந்தது. ஞாயிறு தட்டால் அதைத் தாங்க முடியவில்லை.

பென்சில்வேனியா மாநில அரசு 1968-ல் ஒரு சட்டம் இயற்றி, கணிதம், அறிவியல் போன்ற பாடங்களை நடத்தும் தனியார் பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியை ஏற்க முன்வந்தது. மூன்றே ஆண்டில், 1971-ல், லெமன் எதிர் கர்ட்ஸ்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசும் மதமும் இவ்வளவு பின்னிப்பிணையக் கூடாது என்றது தீர்ப்பு. அந்த வாசல் மூடியது. மறு ஆண்டே மாநிலம் வேறொரு வாசலைத் திறந்தது: அரசுப் பள்ளி மாவட்டம் தன் பிள்ளைகளுக்குப் பேருந்து விட்டால், தன் எல்லையில் வசிக்கும் தனியார் பள்ளிப் பிள்ளைகளையும் மாவட்ட எல்லைக்கு வெளியே பத்து மைல் வரை ஏற்றிச் செல்ல வேண்டும். சம்பளத்துக்குக் கிடைக்காத உதவி சக்கரத்துக்குக் கிடைத்தது.

இந்தப் பேருந்துச் சட்டத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். பங்குத்தந்தை வரைந்த கோட்டுக்குப் பக்கத்தில் இப்போது அரசு வரைந்த பத்து மைல் கோடு ஒன்றும் ஓடியது. பிள்ளை எட்டிப் போகக்கூடிய தூரத்தைத் தீர்மானிப்பது இனி ஆலய மணியோசை கேட்கும் தொலைவு மட்டும் அல்ல.

இதற்கிடையில் கட்டணம் மெல்ல மெல்லப் பெற்றோர் தலையில் இறங்கியது. முதலில் சிறு தொகை. பிறகு பாதி. பிறகு ஏறக்குறைய முழுவதும். பணம் கட்டுகிறவர் மாறியதும் உரிமையும் கைமாறியது. 'நான் கட்டுகிறேன், எங்கே அனுப்புவது என்று நான் முடிவு செய்கிறேன்' என்று பெற்றோர் சொன்னால் எந்தப் பங்குத்தந்தை மறுக்க முடியும்? காலப்போக்கில் எல்லை விதி தளர்ந்து, மறைமாவட்டத்தின் எந்த உயர்நிலைப்பள்ளியிலும் எந்தப் பங்கின் பிள்ளையும் சேரலாம் என்றானது. வரைபடம் கிழிக்கப்படவில்லை. அதைப் பார்க்கும் தேவை போய்விட்டது.

எல்லை போனதும் கீழே இருந்த பள்ளி தனியானது. 'எங்களிடம் முதல் வகுப்பில் சேர்த்தால் பன்னிரண்டாம் வகுப்பு வரை வழி உண்டு' என்ற சொல்லைப் பங்குப் பள்ளி இனிச் சொல்ல முடியவில்லை. மேலே இருந்த பள்ளிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுப் பிள்ளை பிடிக்க வேண்டியதாயிற்று. மக்கள் நகரை விட்டுப் புறநகருக்குப் போன இடங்களில் இரண்டும் ஒன்றாக மெலிந்தன.

2010 ஜூனில் கர்தினால் டாகர்ட்டி பள்ளியும் வடகிழக்கு கத்தோலிக்கப் பள்ளியும் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. ஆறாயிரம் பேர் படித்த இடத்தில் கடைசியாக எஞ்சியிருந்தவர்கள் அறுநூற்றுச் சொச்சம் பேர். 2012 ஜனவரியில் ஓர் ஆய்வுக்குழு, 44 தொடக்கப் பள்ளிகளையும் 4 உயர்நிலைப்பள்ளிகளையும் மூடவோ இணைக்கவோ பரிந்துரைத்தது. பட்டியலில் மேற்கு பிலடெல்பியா பள்ளியும் புனித ஹூபர்ட்டும் இருந்தன. பழைய மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், பணம் திரட்டினார்கள். பிப்ரவரி இறுதியில் நான்கு உயர்நிலைப்பள்ளிகளும் தப்பின. தொடக்கப் பள்ளிகளில் பலவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பல பங்குகளின் பள்ளிகள் சேர்ந்து வட்டாரப் பள்ளிகளாக மாறின. உயர்நிலைப்பள்ளிக்கு நகரெங்கும் சிதறிய பழைய மாணவர் கூட்டம் உண்டு. இருநூறு பிள்ளைகள் படித்த பங்குப் பள்ளிக்காகக் குரல் கொடுக்க அந்த நாலு தெரு மக்கள்தான் இருந்தார்கள்.

2021-ல் ஹாலஹன் மூடியது. அதே ஆண்டு, கண்காணிப்பாளர் மெக்டெவிட்டின் பெயரைத் தாங்கிய புறநகர்ப் பள்ளியும் மூடியது. ஆண்டிறுதி நாளில் ஹாலஹன் மாணவியர் சீருடையோடு லோகன் சதுக்கத்தின் நீரூற்றுக்குள் குதிப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. தொட்டியைச் சுற்றிக் காலணிகள் வரிசையாகக் கிடக்கும். நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டே பிள்ளைகள் வீட்டுக்குப் புறப்படுவார்கள்.

பிராட் வீதியும் வைன் வீதியும் சந்திக்கும் இடத்தில் கேஹிலின் பள்ளி இன்னும் நடக்கிறது. 1980-களில் அதையும் மூடும் பேச்சு எழுந்தது. பழைய மாணவர்கள் விடவில்லை. இலையுதிர் காலம் வந்தால் எட்டாம் வகுப்புப் பையன்கள் பெற்றோரோடு பள்ளியைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். நகரின் நான்கு மூலைகளிலிருந்தும், ஆற்றுக்கு அப்பாலுள்ள நியூஜெர்சியிலிருந்தும்கூட வருகிறார்கள். 1890-ஐப் போலவே எல்லை இல்லை. 1890-ஐப் போலவே தேர்வு உண்டு. வீடு திரும்பிய பிறகு சமையலறை மேசையில் கட்டண விவரத்தாளை விரித்து வைத்துக்கொண்டு அம்மாவும் அப்பாவும் கணக்குப் போடுகிறார்கள். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர்.

(தொடரும்)